ஹம்லஜா: பயணக் குதிரையின் நடை

அரபு மொழியில் குதிரைகளுக்குக் ‘கைல்’ என்று பெயர். செருக்கைக் குறிக்கும் ‘குயலா’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. குதிரையின் நடையில் இயல்பாகவே ஒரு மிடுக்கு இருப்பதால் இப்பெயர் வந்தது என்பர் மொழிநூலார். வரலாற்று நூல்களில் காணும் ஒரு சிறு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்குகிறது.

கி.பி. 637–638 வாக்கில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸ் நோக்கிச் சென்றபோது அவர்களுடைய குதிரையின் குளம்பு நொந்தது. ஏறிச் செல்ல ‘பிர்தவ்ன்’ ஒன்றைக் கொணர்ந்தனர். கலீஃபா ஏறியதும் அது குலுக்கி நடந்தது. உடனே இறங்கி, மேலாடையால் அதன் முகத்தில் தட்டி, அந்நடையைக் கற்பித்தவனைக் கடிந்துரைத்தார்கள். பின்னர்த் தம் குதிரைக்குச் சில நாள் ஓய்வளித்து, குளம்பைப் பேணி, அதன் மீதே சென்றார்கள் எனத் தபரீ (மறைவு 923) எழுதுகிறார். இப்னு கதீர் (மறைவு 1373) அந்நடையை ‘ஹம்லஜா’ என்றே குறிப்பிடுகிறார்.

பிர்தவ்ன் என்பது அரபு இனமல்லாத குதிரை. ஹம்லஜாவோ பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்த சொல். விரைவும் அழகும் சேர்ந்த நடை என அகராதி பொருள் கூறும். சாதாரணக் குதிரை துள்ளு நடையில் எதிரெதிர் மூலைக் கால்களை இணைத்து வைக்கும், இடையில் நான்கு கால்களும் நிலத்தை விட்டெழும், ஏறியவர் தூக்கியெறியப்படுவார். இந்நடையிலோ கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றுவதால் முதுகு அசைவது குறைவு. நெடுவழி செல்வோர் இதனை நாடியதில் வியப்பில்லை.

அப்படியாயின் அந்த நடை குற்றமுடையதா? அன்று. கலீஃபா அஞ்சியது தம் உள்ளத்தில் செருக்கு நுழைவதையே. குதிரை தனக்கு வந்த நடையை நடந்தது, அவ்வளவே.

அந்த நடை முழுவதும் கற்பித்து வருவதுமன்று. குதிரையின் ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றம் இத்தகைய நடைக்குக் காரணமாவதை 2012இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த, கி.பி. 850–900 காலத்துக் குதிரை எலும்புகளிலும் அம்மாற்றத்தைக் காட்டியது. பயிற்சி அப்பிறவி இயல்பைச் செம்மைப்படுத்துகிறது.

ஆகவே வழிப்பயணத்துக்குக் குதிரை தேர்வோர் நடையின் சுகத்தில் மயங்கிவிடலாகாது. முதலில் குளம்பையும், அடுத்துக் காலின் நேர்மையையும் முதுகின் வலிமையையும் பார்த்தல் வேண்டும். சமதளத்தில் மட்டுமின்றி மேட்டிலும் கல்வழியிலும் நடத்திப் பார்த்தல் வேண்டும். ஒருபக்கக் கால்கள் இரண்டும் ஒருசேர ஊன்றுமாயின் ஏறியவரை இருபுறமும் ஆட்டி வருத்தும். அமைதியான குணமும் தேவை. வழியில் திடீரென மிரளும் குதிரையின் நல்ல நடையால் பயனில்லை. ஏறியவர் அசையாது நிமிர்ந்தமர்ந்து, கடிவாளத்தை மென்மையாகப் பிடித்தால் போதும். கரடுமுரடான இடங்களில் மெல்ல நடக்க விடுதலே அறிவுடைமை.

கடிந்துரைத்த செய்தியையே பலரும் எடுத்துச் சொல்வர். நொந்த குளம்பு ஆறும்வரை, அவ்வளவு பெரிய பயணத்திலும், கலீஃபா சில நாள் காத்திருந்ததையும் உடன் சொல்லுதல் வேண்டும். குதிரையேற்றத்தின் முதற்பாடம் அதில் இருக்கிறது.