பழைய லென்ஸின் மஞ்சள் நிறமும் மணவாளக்குறிச்சி மணலும்

ஒரு நூலின் இரண்டு ஏட்டுப் படிகள் தம்முள் வேறுபட்டால், பதிப்பாசிரியர் முதலில் எழுப்பும் வினா ஒன்றுண்டு: இவ்வேறுபாடு எழுதியவர் கையில் பிறந்ததா, எழுதிய பிறகு செல்லரித்தும் நீர்பட்டும் உண்டானதா? முன்னது பாடபேதம், பின்னது சிதைவு. பழைய கேமரா லென்ஸ்களைப் பற்றிய பேச்சில் இந்தப் பாகுபாடு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஒரே பெயர் பொறித்த இரண்டு லென்ஸ்களில் ஒன்று தெளிவாகவும் மற்றொன்று தேநீர் நிறத்திலும் இருந்தால், மஞ்சளானதே மூத்தது என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். பெரிதும் பேசப்படும் ஓர் எடுத்துக்காட்டில் உண்மை அதற்கு நேர்மாறானது.

மும்பையில் சோர் பஜாரின் மட்டன் தெருவிலும் கோட்டைப் பகுதியின் போரா பஜாரிலும் பழைய கேமரா தேடுவோர் 'டாக்குமார்' என்ற பெயரை அறிந்திருப்பர். ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் நிறுவனம் தன் பெண்டாக்ஸ் கேமராக்களுக்காகச் செய்த லென்ஸ் வரிசை அது. அதில் 50 மி.மீ., எஃப் 1.4 அளவுடைய 'சூப்பர் டாக்குமார்' 1964இல் வெளிவந்தபோது அதனுள் 8 கண்ணாடி வில்லைகள் இருந்தன. ஓரிரு ஆண்டுகளுக்குள் அமைப்பு மாறியது. வில்லைகள் 7 ஆயின. முன்வளையத்தில் பொறித்த பெயரோ மாறவில்லை. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய, புல ஆழ அளவுகோலில் உள்ள அகச்சிவப்புக் குறியைப் பார்க்க வேண்டும்: முந்தைய அமைப்பில் அது 4 என்ற எண்ணுக்கு வலப்புறமும், பிந்தையதில் இடப்புறமும் இருக்கும். இன்று மஞ்சள் படிந்து கிடைப்பவை பிந்தையவையே. மூத்த 8 வில்லை லென்ஸ் இன்றும் தெளிவாகவே இருக்கிறது.

காரணம் கண்ணாடியின் சேர்மானத்தில் உள்ளது. ஒளியை மிகுதியாக வளைக்கவும் வேண்டும், நிறங்களை அதிகம் சிதறடிக்கவும் கூடாது என்பது லென்ஸ் வடிவமைப்பாளரின் நெடுநாள் தேவை. சாதாரணக் கண்ணாடியில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும். தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி அந்த முரணைத் தணித்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வான்படை பயன்படுத்திய கோடாக் 'ஏரோ எக்டார்' லென்ஸில் இக்கண்ணாடி இடம்பெற்றது. போருக்குப் பின் அது பொதுமக்களின் கேமராவுக்கும் வந்தது. 7 வில்லை டாக்குமாரும் அவ்வகையைச் சேர்ந்ததே.

தோரியம் கதிரியக்கத் தனிமம். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அதிலிருந்தும் அதன் சிதைவில் தோன்றும் தனிமங்களிலிருந்தும் வெளிப்படும் கதிர்கள், கண்ணாடியின் அணு அமைப்பில் எலெக்ட்ரான்களை இடம்பெயர்த்து நிற மையங்களை உண்டாக்குகின்றன. அவை நீல ஒளியை விழுங்குவதால் கண்ணாடி மஞ்சளாகவும், பிறகு பழுப்பாகவும் தோன்றுகிறது. புற ஊதா ஒளியில் சில நாட்களோ வாரங்களோ வைத்தால் நிறம் பெருமளவு நீங்கிவிடும். இருளில் கிடந்தால் மீண்டும் மெல்லப் படியும். ஆக, இந்த லென்ஸில் பாடபேதமும் சிதைவும் பின்னிக் கிடக்கின்றன. தோரியம் சேர்த்தது தொழிற்சாலையின் கை, மஞ்சளாக்கியது காலம்.

இந்தத் தோரியத்தின் வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஓர் இடமுண்டு. தோரியம் பெரும்பாலும் மோனசைட் என்ற கனிமத்திலிருந்து பிரிக்கப்படுகிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தேடிச்சென்ற இடம் மணவாளக்குறிச்சி. அன்று ஐரோப்பாவுக்குத் தோரியம் தேவைப்பட்டது லென்ஸுக்காக அன்று, வாயு விளக்கின் மாண்டிலுக்காக. விடுதலைக்குப் பின் 1950இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்திய அருமண் நிறுவனத்தைத் தொடங்கின. 1952இல் ஆலுவாயில் மோனசைட் ஆலை இயங்கத் தொடங்கியது. 1955இல் மும்பையில், செம்பூரை அடுத்த டிராம்பேயில், தோரியம் ஆலை எழுந்தது. மறு ஆண்டு நவம்பர் 1 அன்று மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் இணைந்தது. நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் மும்பை பிரபாதேவியில்தான் இருக்கிறது.

டாக்குமாரின் கண்ணாடி இந்த மணலிலிருந்து உருகி வந்தது என்பது என் வாதமன்று. விளக்கு மாண்டில், அணு உலைத் திட்டம், லென்ஸ் ஆகிய மூன்றும் ஒரே கனிமத்தை நாடி நின்றன என்பதே இங்கு முக்கியம். பின்னாளில் கண்ணாடித் தொழில் தோரியத்தைக் கைவிட்டு லாந்தனத்தைச் சார்ந்தது. உருக்கும், அரைக்கும் தொழிலாளர் கதிரியக்கத் தூசியைச் சுவாசிக்கும் ஆபத்தும், நிறம் மாறும் குறையும் அதனால் நீங்கின. ஆனால் லாந்தனமும் அதே மோனசைட்டில் இருக்கும் தனிமம். முந்தைய லென்ஸும் பிந்தைய லென்ஸும் ஒரே மணலின் இரு வேறு கூறுகளை நாடின எனலாம்.

நிழற்படங்களைச் சான்றாகக் கொண்டு சமூக வரலாறு எழுதுவோருக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பழைய லென்ஸின் இதமான நிறம்' என்று இன்று விரும்பி வாங்கப்படுவது, அந்த லென்ஸ் புதிதாக இருந்தபோது இல்லாத நிறம். 1970இல் ஒரு நிழற்படக்காரர் அதன்வழிப் பார்த்த உலகம் தெளிவானது. ஆகவே இன்றைய மஞ்சள் லென்ஸை வைத்து அன்றைய வண்ணப்படம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது, செல்லரித்த ஏட்டின் இடைவெளியை ஆசிரியரின் மௌனமாகப் படிப்பதற்கு ஒப்பாகும். பழைய அச்சுப் படத்தில் காணும் மஞ்சளுக்கு லென்ஸைவிடச் சாயத்தின் மங்கலே பெரும்பாலும் காரணம். படச்சுருளையும் அச்சுத்தாளையும் சோதிக்காமல் லென்ஸின்மேல் பழி போடலாகாது.

இன்று ஆர்வலர் பலர் புற ஊதா விளக்கின்கீழ் வைத்து இந்த லென்ஸ்களை வெளுக்கச் செய்கின்றனர். பயன்படுத்துவோருக்கு அது நன்மையே; ஆவணப்படுத்துவோருக்கு ஒரு சான்று அழிகிறது. எனவே குடும்பச் சேகரிப்பிலோ, மூடப்பட்ட ஸ்டூடியோவிலோ கிடைக்கும் கேமராவைப் பட்டியலிடும் மாணவர்கள் லென்ஸின் பெயரோடு நின்றுவிட வேண்டாம். வரிசை எண், அகச்சிவப்புக் குறியின் இடம், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்த நிறம், பார்த்த தேதி, முன்பு வெளுக்கப்பட்டதா என்ற விவரம் ஆகிய ஐந்தையும் குறித்துவையுங்கள். லென்ஸைப் பிரிக்கவோ, வில்லையைத் தேய்க்கவோ வேண்டாம். உடையாத நிலையில் அதைக் கையாள்வதில் அஞ்சத்தக்கது இல்லை, ஆனால் தோரியக் கண்ணாடியின் துகள் உடலுக்குள் போகக் கூடாது.