சிலாபத்தில் ஒரு பின்னூட்டம், ஒரு முடக்கம், ஒரு விபிஎன்

2019 மே 12. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்து மூன்றே வாரம். சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் போட்ட ஒரு வரிப் பின்னூட்டம் மிரட்டலாக வாசிக்கப்பட்டது. ஒருநாள் அழுவீர்கள் என்பதுதான் அதில் இருந்தது. பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் எங்கட மாவட்டத்துக் கொட்டாரமுல்லயில் ஒருவர் கொல்லப்பட்டார். அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது.

அந்த நாட்களில்தான் விபிஎன் என்ற சொல் வீட்டுச் சொல்லாச்சு. அது என்ன செய்யுது? இப்படியான முடக்கத்தை இணையச் சேவை நிறுவனம்தான் செய்யும். நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பார்த்து மறிக்கும். விபிஎன் நம் தகவலை மறைகுறியாக்கி, வெளிநாட்டு சேர்வர் வழியாக அனுப்பும். மறிப்பவருக்குப் போகுமிடம் தெரியாது. ஆனால் சேர்வர்காரருக்குத் தெரியும். அதனால், இலவச விபிஎன் போடுமுன் அது யாருடையது என்று கேட்கத்தான் வேணும்.

அந்த வழியால் உறவினரைத் தேடிய செய்தியும் போகலாம், வதந்தியும் போகலாம். மறைகுறியாக்கம் செய்தியைப் பிறர் வாசிக்காமல் காக்கும். அது உண்மையா என்று பார்க்காது. அனுப்புமுன் அதைப் பார்க்க வேண்டியது நாங்கதான்.