எஞ்சின் சென்சார் பழுதறிதல்: கனரகக் கட்டுமான இயந்திரங்கள்

எஞ்சின் சென்சார் பழுதறிதல் என்பது பொக்லைன், பேக்ஹோ லோடர், ரோடு ரோலர் போன்ற இயந்திரங்களின் டீசல் எஞ்சினில் எச்சரிக்கை விளக்கு எரியும்போது, கோளாறு சென்சாரிலா, அதற்குப் போகும் ஒயரிலா, எஞ்சினிலேயா என்று அளந்து பிரித்தறியும் பணி. இம்மூன்றுக்கும் விளக்கு ஒன்றே. அதனால் பிரித்துப் பார்க்காமல் சென்சாரை மாற்றும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. கழற்றி வீசப்படும் சென்சார்களில் பல நல்ல நிலையில் இருப்பவை.

இந்தப் பணியின் அவசியத்தை உணர ஓர் ஊரைப் பார்க்கலாம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி ஒடுகத்தூர். பீஞ்சமந்தை முதலிய மலை ஊராட்சிகளுக்குச் சாலை வெட்டும் இயந்திரங்கள் இப்பக்கத்தில்தான் மலை ஏறுகின்றன. 2023 மே மாதம் இதே வட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, சரியான சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. அப்படிப்பட்ட மலையில் சாலை வெட்டும் இயந்திரம் ஒரு ஒயர் கோளாறால் நாள்கணக்கில் நிற்பதை வாடகை இழப்பாக மட்டும் எண்ண முடியாது. கம்பெனி மெக்கானிக் லேப்டாப்போடு வந்து சேரும் வரை காத்திராமல், ஒரு மல்டிமீட்டரை வைத்தே பெரும்பாலான சோதனைகளைச் செய்துவிடலாம்.

இந்தியாவில் சக்கரம் பூட்டிய கட்டுமான வாகனங்களுக்கு சி.இ.வி. நான்காம் நிலை மாசு விதி 2021 ஏப்ரல் 1 முதலும், ஐந்தாம் நிலை 2025 ஜனவரி 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. இவற்றை ஒட்டி, பழைய மெக்கானிக்கல் பம்புக்குப் பதிலாக காமன் ரெயில் முறையும் இ.சி.யு. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பரவின. ரெயில் அழுத்தம், ஆயில் அழுத்தம், கூலன்ட் வெப்பம், கிராங்க் சுழற்சி ஆகியவற்றைச் சென்சார்கள் சொல்ல, டீசலின் அளவை இ.சி.யு. தீர்மானிக்கிறது. வரும் தகவலில் சந்தேகம் எழுந்தால் எஞ்சினைக் காப்பதற்காகச் சக்தியைக் குறைத்துவிடும். ‘வண்டி இழுக்கலை, ரேஸ் ஏறலை’ என்று ஆபரேட்டர் சொல்வது பல நேரம் இதைத்தான்.

பல நிறுவனங்களின் எஞ்சின்கள் ஜே1939 என்ற பொது மொழியில் பேசுகின்றன. அதன் பழுதுக் குறியீட்டில் இரண்டு எண்கள் முக்கியம். எஸ்.பி.என். எந்த அளவீடு என்று காட்டும்: 100 ஆயில் அழுத்தம், 110 கூலன்ட் வெப்பம், 157 ரெயில் அழுத்தம். எஃப்.எம்.ஐ. என்ன விதமான கோளாறு என்று காட்டும். மெக்கானிக் முதலில் படிக்க வேண்டியது இந்த இரண்டாம் எண்ணையே. 3 என்றால் வோல்டேஜ் வரம்புக்கு மேல், 4 என்றால் வரம்புக்குக் கீழ். இரண்டும் மின்சுற்றுக் கோளாறுகள். 0 என்றால் சென்சார் ஒழுங்காகவே அளக்கிறது, அளக்கப்படும் பொருள்தான் ஆபத்தான உயரத்தில் இருக்கிறது. வேலூர்க் கோடையில் 40 டிகிரி வெயிலில், கல்தூசி அடைத்த ரேடியேட்டருடன் ஓடும் வண்டியில் 110-உம் 0-உம் சேர்ந்து வந்தால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே புது சென்சாரும் அதே எண்ணைத்தான் காட்டும்.

இரண்டு ஒயர் கொண்ட வெப்ப சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. பரவலாக உள்ள ஒரு ரகம் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். இதில் எஃப்.எம்.ஐ. 4 வந்தால் பிளக்கைக் கழற்ற வேண்டும். குறியீடு 3 ஆக மாறினால் ஒயரும் இ.சி.யு.வும் நலம், சென்சார் பழுது. 4 ஆகவே நின்றால் பெரும்பாலும் ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. மூன்று ஒயர் கொண்ட அழுத்த சென்சாரில் 5 வோல்ட் சப்ளை, கிரவுண்ட், சிக்னல் ஆகியவை உண்டு. சிக்னல் பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் நிற்கும். ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார்கள் கெட்டதாகக் காட்டினால் அவை பகிரும் 5 வோல்ட் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்றும்போது எதில் 5 வோல்ட் திரும்புகிறதோ, ஷார்ட் அங்கே இருக்கிறது.

மிக எளிய சோதனைக்கு மீட்டரும் வேண்டாம். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் விடியற்காலையில் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால் கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். தனித்து நிற்பது எதுவோ அதுவே குற்றவாளி.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் வட்டாரத்தில் வேலை செய்யும் இயந்திரங்களுக்குத் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. தோலைக் கெடாமல் வைக்கும் உப்பு கனெக்டர் பின்களில் பச்சையாகப் பூக்கும். முடி நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்ஃபைடிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பைக் கருக்கும். கழிவுச் சேறு அள்ளும் வண்டியில் கனெக்டரைத் திறந்து பாராமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. எலி கடித்த ஒயர், அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவுவதால் புகும் ஈரம் ஆகியவை எல்லா ஊரிலும் உள்ளவை. பேட்டரியையும் இ.சி.யு. கனெக்டரையும் கழற்றாமல் பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைப்பது இன்னும் மோசம். கட்டுப்பாட்டுப் பெட்டியே எரிந்து போகலாம். டெஸ்ட் லேம்பின் ஊசியால் ஒயரைக் குத்துவதும் தவறு. குத்திய ஓட்டை வழியே ஈரம் இறங்கிச் செம்பை அரிக்கும்.

மணி வாடகைக்கு ஓடும் வண்டியில், விளக்கை அணைக்க ரெசிஸ்டர் வைத்து இ.சி.யு.வை ஏமாற்றும் வழக்கம் உண்டு. ஆயில் அழுத்தம் குறைந்ததாகக் குறியீடு வந்தால் உரிமையாளர்கள் இதற்கு ஒருபோதும் இடம் தரலாகாது. எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆயில் மட்டத்தைப் பாருங்கள். சென்சாரைக் கழற்றிய துளையில் மெக்கானிக்கல் கேஜ் பூட்டிய பிறகே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கேஜும் குறைவாகக் காட்டினால் கோளாறு எஞ்சினில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள்.