மூவர் பேசிய இசை

பழம்பாடலை அவ்வாறே திருப்பி இசைத்தால் மரபு காக்கப்பட்டுவிடுமா? அமெரிக்க ஜாஸ் வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை பகரும் இசைத்தட்டு ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பியானோ கலைஞர் பில் எவன்ஸ், ஸ்காட் லஃபாரோ, பால் மோஷியன் ஆகியோருடன் நியூயார்க்கில் பதிவுசெய்த ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’ என்பதே அது.

அதிலுள்ளவை பெரும்பாலும் பலரும் முன்னரே இசைத்துப் பழகிய பாடல்கள். புதுமை அவற்றைக் கையாண்ட முறையில் இருந்தது. அக்கால மூவர் குழுக்களில் பியானோ தலைமை தாங்கும். பாஸ் என்னும் தாழ்சுரத் தந்திக் கருவியும் டிரம்ஸும் பெரும்பாலும் தாளங்காத்துப் பின்செல்லும். லஃபாரோவின் பாஸோ பியானோ வினவியதற்கு விடையிறுத்தது. சில இடங்களில் தானே வினவவும் செய்தது. ஜோசப் கோஸ்மா இசையமைத்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாடலில் இவ்வுரையாடலைத் தெளிவாகக் கேட்கலாம்.

1961 ஜூன் 25ஆம் நாள் வில்லேஜ் வேன்கார்டில் மூவரும் இசைத்தனர். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் நாள், லஃபாரோ சாலை விபத்தில் மாண்டார். அவருக்கு அகவை 25. துயருற்ற எவன்ஸ் சில மாதங்கள் மேடையேறவில்லை. ஆயினும் அவர்கள் வகுத்த நெறி பின்வந்த மூவர் குழுக்களிடம் தழைத்தது.

பழம்பாடலை மூவரும் சமமாக நின்று வினவியதால் மரபு வளர்ந்தது. பழம்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியரும் மாணவரின் வினாவுக்கு வகுப்பறையில் இடமளித்தல் வேண்டும்.