மூக்கும் மீட்டரும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் பதனிடும் ஷாப்புகளில் கழிவுத் தொட்டியை எப்போது வாருவது, ஆள் இறங்கலாமா என்பதையெல்லாம் ரொம்ப காலம் மேஸ்திரியின் மூக்குதான் முடிவு செய்தது. மயிர் களையச் சுண்ணாம்போடு போடும் சோடியம் சல்பைடு வடிநீரில் வரும்; அதில் அமிலத் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பி.பி.எம். அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. “வாடை போயிடுச்சு, இறங்குப்பா” என்பது எவ்வளவு கொடிய வார்த்தை!

1996 ஆகஸ்ட் 28 அன்று தோல் கழிவுநீர் மாசு பற்றி வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றை மூடச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேகம் பிடித்தன. பின்னால், கழிவுநீரை மெம்பரேன் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வந்தது.

நான் ஆபரேட்டராக இருந்த இடத்தில் தொடக்கத்தில் கிழமை பார்த்துத்தான் மெம்பரேன் கழுவினோம். அடிக்கடி கழுவினால் மெம்பரேன் தேயும். தாமதித்தால் உப்பு இறுகி எதற்கும் அசையாது. மீட்டர் கணக்குகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கப் பழகியபின் வழி தெரிந்தது. நல்ல தண்ணீர் வரத்து 10 முதல் 15 சதவீதம் குறைந்தால் கழுவ வேண்டும். ஆனால் மார்கழிக் குளிரிலும் வரத்து குறையும், அது அழுக்கல்ல. 25 டிகிரிக்குத் திருத்திக் கணக்கிட்டால்தான் உண்மை பிடிபடும். அழுத்த வித்தியாசம் முன்வரிசையில் ஏறினால் பெரும்பாலும் கொழகொழப்பு, காஸ்டிக் போடு. கடைசி வரிசையில் ஏறினால் உப்புப் படிவு, சிட்ரிக் அமிலம் போடு. மருந்தும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆன்லைன் மீட்டர் பொருத்தச் சொன்ன 17 வகைத் தொழில்களில் தோலும் உண்டு. தண்ணீருக்கும் மெம்பரேனுக்கும் இத்தனை காவல் வந்துவிட்டது. தொட்டிக்குள் இறங்கும் ஆளுக்கு அதே அக்கறை வரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஷாப்பு முதலாளிகளே, சல்பைடு வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். மூடியைத் திறந்ததும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். அது சரியென்று காட்டாதவரை யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.