கட்டட வரைபடங்களை ஒத்துப்பார்த்த வரலாறு

பெரிய கட்டடம் ஒன்றின் வரைபடங்கள் ஒரே கையால் வரையப்படுவதில்லை. அறைகளைக் கட்டடக் கலைஞர் வரைகிறார். தூணையும் உத்தரத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் வரைகிறார். காற்றுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பிகளுக்குத் தனித்தனி ஆட்கள். இவை அனைத்தும் பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள குறுகிய இடைவெளியில்தான் சந்திக்கின்றன. எது எதை மறிக்கிறது என்று கட்டுவதற்கு முன்பே கண்டு சரிசெய்வது வடிவமைப்பு ஒருங்கிணைப்பின் முக்கியப் பகுதி.

கணினிக்கு முன், அடியில் விளக்கெரியும் மேசையில் ட்ரேஸிங் தாள்களை அடுக்கிப் பார்த்தார்கள். 1970களில் அமெரிக்க அலுவலகங்கள் பாலியெஸ்டர் தாள்களின் விளிம்பில் துளையிட்டு, முளைகள் கொண்ட பட்டையில் மாட்டின. அடுக்குகள் இம்மியும் நகரவில்லை. ஆனால் தாளில் உயரம் தெரியாது. இரு குழாய்கள் மேலும் கீழுமாகச் செல்கின்றனவா, முட்டிக்கொள்கின்றனவா என்பதை அனுபவசாலிகள் மனக்கண்ணில்தான் கண்டார்கள்.

ஒருங்கிணைப்பு தவறியதன் கொடிய சான்று கான்சாஸ் சிட்டியின் ஹயட் ரீஜென்சி விடுதி. 1981 ஜூலை 17 அன்று அங்கே தொங்கு நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தனர். முதல் வடிவமைப்பில் மேல்பாலமும் கீழ்ப்பாலமும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்கின. உருக்கு வேலைக்கான வரைபடத்தில் அவை இரு துண்டுகளாயின. கீழ்ப்பாலம் மேல்பாலத்தைப் பிடித்துத் தொங்க, மேல்பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அந்த இணைப்பின் வலுவை யாரும் கணக்கிடவில்லை. இங்கே எந்தப் பொருளும் எதன்மீதும் முட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கட்டடத்தை வரைபடமாக அல்லாமல் முப்பரிமாணப் பொருள்களின் தரவுத்தொகுப்பாகக் கணினியில் வைக்கலாம் என்று 1975இல் சார்லஸ் ஈஸ்ட்மன் எழுதினார். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா வரைபடங்களும் மாறும் என்பது அவர் கருத்து. ஆர்க்கிகேட், ரெவிட் போன்ற மென்பொருள்கள் அதை நடைமுறையாக்கின. பல துறைகளின் மாதிரிகளை ஒன்றுசேர்த்து மோதல்களைத் தேடும் நேவிஸ்வொர்க்ஸ் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவானது. 2007இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது.

இதனால் புதிய தொல்லை பிறந்தது. கணினி ஆயிரக்கணக்கான மோதல்களைப் பட்டியலிட்டது. ஜிப்சம் தடுப்பைத் துளைக்கும் சிறு மின்குழாயும், உத்தரத்தைத் துளைக்கும் காற்றுக் குழாயும் அதற்கு ஒன்றே. முன்னதை வேலையிடத்திலேயே சரிசெய்துவிடலாம். பின்னதைக் கவனிக்காவிட்டால் வடிவமைப்பையே மாற்ற நேரும். வாரக் கூட்டங்களின் பெரும்பகுதி இவற்றைப் பிரிப்பதிலேயே கரைந்தது.

இயந்திரக் கற்றல் நுழைந்தது இந்த இடத்தில்தான். எது முக்கியம், எது புறக்கணிக்கத்தக்கது என்று பொறியாளர்கள் குறித்து வைத்த பழைய மோதல்களைக் காட்டிப் பயிற்றினால், புதியவற்றைக் கணினியே தரம்பிரிக்கும். 2019இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இவ்வழியை ஆராய்ந்து வெளியிட்டனர். பழைய குறிப்புகளில் அவசரமும் அலட்சியமும் கலந்திருந்தால் இயந்திரம் அதையும் கற்றுக்கொள்ளும். இதுவே இம்முறையின் பெரிய பலவீனம்.

மோதலைத் தானாகத் தீர்ப்பது இன்னும் கடினம். ஒரு குழாயை நகர்த்தினால் அது வேறொன்றில் முட்டும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு தேவை, அதனால் அதை எளிதில் நகர்த்த முடியாது. வளையக்கூடிய மின்கம்பி வழிவிடும். இத்தகைய முன்னுரிமைகளை விதிகளாகவும் பயிற்சித் தரவாகவும் கணினிக்குத் தரும் முயற்சிகள் நடந்துவருகின்றன. சுமை தாங்கும் பகுதியைத் தொடும் மாற்றத்துக்குப் பொறியாளரின் கணக்கும் கையொப்பமும் இன்றும் தேவை.