வியாகுலப் பிரசங்கம்: ஏட்டிலுள்ள சொல்லும் ஏட்டிலில்லா இராகமும்

ஈழத்துத் தமிழ் உரைநடை வரலாற்றை ஆராய்வோர், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தை ஓர் உரைநடை நூலாகக் குறிப்பிட்டு அமைவர். அது தவறன்று; ஆயினும் பாதியுண்மையே. தபசுகாலத்திலே கத்தோலிக்க ஊர்களில் அந்நூல் வெறுமனே படிக்கப்படுவதில்லை. துயரந் தோய்ந்த இராகத்தில், நீட்டியும் நிறுத்தியும் இசைக்கப்படுகின்றது. கேட்போர் கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிப்பர். எனவே தமிழரின் தியான இசை வரலாற்றிலும் அதற்கோர் இடமுண்டு.

இந்நூல் எழுந்த சூழல் நெருக்கடி மிக்கது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687இல் யோசவ்வாஸ் அடிகள் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தார். அவருக்குத் துணையாக 1705இல் வந்தவரே கொன்சால்வெஸ் அடிகள். 1676இல் கோவாவின் திவார் தீவிலே பிறந்த இவர் தமிழையும் சிங்களத்தையும் பயின்று, இரு மொழிகளிலும் நூல்கள் செய்து, 1742இல் போலவத்தையிற் காலமானார். சிங்களத்திலே அவர் இயற்றிய 'தேசன நவய'வும் (ஒன்பது பிரசங்கங்கள் என்பது பொருள்) 'பசன்' பாடல்களும் இவ்வகையினவே.

அக்காலத்திற் குருமார் மிகச் சிலர். அவர்களும் மறைந்து திரிந்தவர்கள். குரு இல்லாதவிடத்துப் பூசை இல்லை. ஆனால், பிரசங்கத்தை இசைப்பதற்குக் குருப்பட்டம் வேண்டியதில்லை. எழுத்தறிவும் குரல்வளமும் உடைய ஒருவர் போதும். நூலின் பயனை இங்கேதான் காணவேண்டும் என்பது என் கருத்து. மக்களுக்கும் அது அந்நியமாகத் தோன்றியிராது. இழவு வீட்டு ஒப்பாரியிலே பழகிய செவிகள் அவை. ஒப்பாரி இறந்தவரை விளித்து அழுவது. பிரசங்கமோ அழுகின்றவனை அவனுடைய பாவத்தின்பால் திருப்புவது.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்தது. 1806இல் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை ஆங்கிலேயர் நீக்கினர். நெருக்கடிக்காக எழுந்த வழக்கு நெருக்கடியோடு மறைந்திருக்கலாம். மறையவில்லை. காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை: பீடத்திலே பூசை இலத்தீனில் நடந்தது. வழிபாட்டிலே தாய்மொழிக்கு இடமளித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963இலேதான் வெளிவந்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாமரரின் தியானம் தமிழில் இசைபெற்றுவிட்டது. சங்கத்தின் சீர்திருத்தத்தை மேற்கிலிருந்து வந்த புதுமையென்று மட்டும் எழுதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

நூல் அச்சேறியது. ஆனால், அச்சிலே சொற்களே உள்ளன; எங்கே குரலை உயர்த்துவது, எங்கே மூச்சை நிறுத்துவது என்பன செவிவழி வந்தவை. போர்க்காலத்தில் ஊர்கள் இடம்பெயர்ந்தபோது நூலைப் பையில் எடுத்துச் செல்ல முடிந்தது. இராகம் முதியவர்களின் தொண்டையிலே சென்றது. அவர்களிற் பலர் திரும்பவில்லை. சுவடி தேடி நூலகங்களுக்குச் செல்லும் நம் மாணவர், ஒலிப்பதிவுக் கருவியுடன் தபசுகால வெள்ளிக்கிழமைகளில் அக்கோயில்களுக்கும் செல்லவேண்டியுள்ளது.